கோட்டு மேல் கோடு

"அவரு அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது நானே சொல்லிருதேன், என்ன?" என்று சண்முகவடிவு கேட்டதும், கோமதிநாயகத்தின் வாயிலிருந்த கடலைமிட்டாய் அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது கால்பகுதிக்கு விசில் ஊதி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் அடித்த நீலத் தரையில் ரயில்வே அணியும் பேங்க் அணியும் ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டியே வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் சாமியானாவுக்குக் கீழே, வெள்ளைத் துண்டு விரித்த சோபாவில், சிறப்பு விருந்தினராக மின்னல் தேவராஜ். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ரைட் அவுட்டில் அவர் ஓடினால் பந்து முன்னால் போகிறதா ஆள் முன்னால் போகிறாரா என்று நடுவருக்கே சந்தேகம் வரும். இப்போது முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாலடி தள்ளி ஒரு மேசை. மேசைமேல், சாமந்திப் பூ தூவி, கோமதிநாயகத்தின் ஆட்டோகிராஃப் நோட்டு. காலையில் கிளப் செயலாளர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். "மேட்ச் முடிஞ்சதும் சார் உங்க நோட்டைப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க அண்ணாச்சி, நீங்களும் மதினியும் மேசைகிட்ட வந்திருங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதிலிருந்து வடிவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பட்டுச்சேலை கட்டியிருக்கிறாள், பாருங்களேன், ஹாக்கி மேட்ச்சுக்கு! "என்னத்தச் சொல்லப்போற?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். "மங்கிப்போன அவரு கையெழுத்துக்கு நான்தான் மை ஏத்திக் குடுத்தேன்னுதான். அவரு சந்தோசப்படுவார்லா?" என்றாள். கோமதிநாயகம் கடலைமிட்டாயை மென்று முழுங்கினார்.

சந்தோஷப்படுவாரா? ஆட்டோகிராஃப் சேர்க்கிற எவனாவது இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். கையெழுத்து அழிந்துபோகலாம், கிழிந்துபோகலாம், கரையான்கூட அரிக்கலாம். இன்னொரு ஆள் அதன்மேல் பேனாவை வைத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. அப்புறம் அது வெறும் காகிதம். இது இந்த லோகத்தில் வடிவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் ஏன் தெரியாது என்றால் இவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை. இன்னும் அரைமணி நேரத்தில் அவள் அந்த மேசைக்குப் போய் பட்டுச்சேலை மினுங்க நின்றுகொண்டு, நான்தான் சார் என்று சொல்லப்போகிறாள். அந்த மனுஷன் முகம் சுளித்துவிட்டாரென்றால்? சிரித்துவிட்டாரென்றால்? சுளித்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தால் தாங்கமாட்டாள். அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் எங்கே போய் விழும் என்று கோமதிநாயகத்துக்கு இப்போதே தெரிந்தது, வலது கண்ணுக்குக் கீழே அந்தச் சின்னச் சுருக்கத்தில். மகன் வேலை கிடைத்துப் புனேவுக்கு ரயிலேறிய அன்றைக்கு அங்கேதான் துடித்தது. சே, நல்ல நாளும் அதுவுமாக என்னத்தையெல்லாம் நினைக்கிறோம் என்று தலையை உதறிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். பந்து எங்கேயோ இருந்தது.

அந்த நோட்டில் ஒழுங்கான கையெழுத்து என்று ஒன்று உண்டா என்றால், கோமதிநாயகத்தையே கேளுங்கள், கிடையாது என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் வராது, ஒருவிதமாகச் சந்தோஷம்தான் வரும். தீப்பெட்டி ஆபீசில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலை பார்த்துக்கொண்டே, நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு போட்டி விடாமல் பார்த்து, கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டுச் சேர்த்தது எல்லாமே கோணல். ஒரு கோல்கீப்பர் கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு அதோடேயே போட்டதில் பக்கம் முழுக்க ஒரு மைக்குட்டைதான் இருக்கிறது. பஞ்சாப் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்குப் பேனாவில் மை தீர்ந்துபோனது தெரியவில்லை. பாவம், நல்ல மனசோடு அழுத்தி அழுத்திப் போட்டார். நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் மட்டும் தெரியும். மஞ்சள் அட்டை வாங்கி வெளியே வந்த கேப்டனிடம் போய் நோட்டை நீட்டினால் என்ன நடக்கும்? பக்கத்துக்குக் குறுக்கே ஒரே இழு, காகிதமே கிழிந்துவிட்டது. இன்னொரு பக்கத்தில் ராஜகம்பீரமாக ஒரு கையெழுத்து இருக்கும், கீழே கோடெல்லாம் போட்டு. அது அணியின் சமையல்காரருடையது. டிராக் சூட் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அவரும் கேட்ட உடனே மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார், சாப்பிட்டாயா தம்பி என்று வேறு கேட்டார். கடலைமிட்டாய்ப் பக்கம் என்று ஒன்று உண்டு. பாகு ஒட்டி இரண்டு தாளும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. அதற்குள்ளே ஒரு ஒலிம்பிக் ஆட்டக்காரர் இருக்கிறார், பிரித்தால் கிழிந்துவிடும், பிரிக்காவிட்டால் பார்க்க முடியாது. "இருந்துட்டுப் போறாரு, உள்ளே இனிப்பாத்தானே இருக்காரு" என்பாள் வடிவு. இதெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாயங்காலம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, யாரோ பின்னாலிருந்து முதுகில் குத்தியது இருக்கிறது. அதனால் கோமதிநாயகத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

தேவராஜ் பக்கம்தான் வேறு மாதிரி. நோட்டிலேயே அது ஒன்றுதான் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிற மாதிரி சுத்தமான கையெழுத்து. எண்பத்து மூன்றாம் வருஷம், அரையிறுதிக்கு மறுநாள். வெளியூர் அணிகளுக்கெல்லாம் அப்போது பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் தங்குமிடம். ஏழாம் வகுப்பு பி பிரிவில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மின்னல் தேவராஜ் படுத்திருக்கிறார் என்று தகவல் வந்ததும் கோமதிநாயகம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! தேவராஜ் குளித்துவிட்டு வந்தாராம், ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, உன் பேர் என்ன என்று கேட்டு, இவர் கண் முன்னாலேயே போட்டுக் கொடுத்தாராம். ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும், அது மின்னல் தேவராஜ் தலைக்குத் தேய்த்த எண்ணெயாம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு வடிவிடம் தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் இதைத்தான் சொன்னார். அவளும் வாயைப் பிளந்து கேட்டாள். நடந்தது என்னவென்றால், வாசலில் வாத்தியார் ஒருவர் உள்ளே விடவில்லை, கூட்டம் ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது, இவர் எக்கி நோட்டை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார், ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே கை திருப்பிக் கொடுத்தது. தேவராஜின் முதுகைக்கூட அவர் பார்க்கவில்லை. சரி, அது வேறு விஷயம். இப்போது அதை எதற்கு எடுக்கவேண்டும்? உள்ளே தேவராஜ் இருந்தார், நோட்டு உள்ளே போனது, கையெழுத்தோடு வந்தது, பிறகென்ன? கண் முன்னால் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். பேங்க் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்து கேலரியே எழுந்து நின்றது. இவரும் எழுந்து நின்றார். வடிவு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "யாரு அடிச்சா, நம்ம ஆளா?" என்றாள். நம்ம ஆள் என்று யாரும் கிடையாது என்றாலும் ஆமாம் என்றார்.

மங்கவிட்டது யார்? இவர்தான், வேறு யார். பெருமை தாங்காமல், போட்டி நாள் போக மற்ற நாளெல்லாம் நோட்டை அந்தப் பக்கத்தில் விரித்து, கண்ணாடி ஷோகேஸில் வைத்தார். ஷோகேஸுக்கு எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். கோவில்பட்டி வெயில் சும்மா இருக்குமா? பதினைந்து வருஷத்தில் நீலம் சாம்பலாகி, சாம்பல் இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு அதன் முன்னால் போய் நின்று உச்சுக்கொட்டுவார். வடிவு அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் நெடுஞ்சாலைத் துறை ஆபீசில் ட்ரேசர். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட ரோட்டையும் பாலத்தையும் ட்ரேசிங் துணியில் மை ஏற்றிக் கொடுக்கிற வேலை. கோட்டு மேல் கோடு, ஒரு மயிரிழை விலகினாலும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இழுப்பாள். கோடு முடிகிற வரைக்கும் பக்கத்தில் யாரும் தும்மக்கூட முடியாது. பழைய பிளான் மங்கிவிட்டால் அவளிடம்தான் வரும். மங்கினது என்றால் ஏற்றவேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து அவளைத் தபால் பிரிவில் உட்காரவைத்த பிறகு பேனாக்களை வெல்வெட் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாள். அதை மறுபடி எடுத்தது ஒரே ஒரு தடவைதான். கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருஷ நாளுக்கு முன்னால், அதே நீலம் வேண்டும் என்று மதுரைக்கு ஆள் சொல்லிவிட்டு மை வாங்கி, இவர் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்து, தேவராஜ் கையெழுத்தை ஏற்றிவிட்டாள். அன்றைக்குக் காலையில் ஷோகேஸ் முன்னால் இவர் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கோமதிநாயகத்துக்குக் காலுக்குக் கீழே தரை போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் கையில் நீல மை, நகக்கண்ணில் நீல மை, முகம் முழுக்க ஒரு எதிர்பார்ப்பு. "அடடா, நேத்துப் போட்ட மாதிரி இருக்கே வடிவு!" என்றார். அன்றைக்குப் பாயசத்தை எப்படிக் குடித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் ஆறு மாசம் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் பழகியது. அப்புறம் ஒருநாள், எப்போது என்று சொல்ல முடியவில்லை, காப்பித் தம்ளரோடு நிற்கும்போது பிடித்துப்போனது. கிட்டப்போய்ப் பார்த்தால் கோடு எவ்வளவு அழகாக ஆரம்பித்து, வளைந்து, ஒரு நடுக்கம் இல்லாமல் போய் நிற்கிறது! தேவராஜ் போடும்போதுகூட இவ்வளவு கவனமாகப் போட்டிருக்கமாட்டார். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் பிடிக்காமல் இருந்ததையும் சொல்லவேண்டும், அதைச் சொன்னால் அந்தப் பாயச நாளும் பொய்யாகிவிடும், அதனால் வாயைத் திறக்கவில்லை. கண் முன்னால் போட்டது என்கிற கதையிலேயே ஒரு பொய் கிடக்கிறது, இதில் இது வேறா? சரி, அது வேறு விஷயம். இப்போது ஒரே வழிதான், தலை சுற்றுகிறது என்று சொல்லி அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். சொன்னால் நம்புவாள். பதறிப்போய், ஆட்டோவைக் கூப்பிடு என்று ஊரைக் கூட்டுவாள். பட்டுச்சேலையை மடித்து வைக்கும்போது, பரவாயில்லைங்க, உடம்புதான் முக்கியம் என்பாள். அது இன்னும் மோசம். "நான் போய்ச் சொல்லும்போது இந்தக் கொண்டை சரியா இருக்கா?" என்று அவள் பின்னால் திரும்பிக் காட்டினாள். சரியாக இருந்தது. மல்லிகைப்பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததை இவரே எடுத்துச் சொருகிவிட்டார். யாரோ கோல் போட்டார்கள். யார் என்று பார்ப்பதற்குள் விசில் ஊதி ஆட்டமே முடிந்து, ரயில்வேக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரமாக ஆட்டம் பார்த்தவர் ஜெயித்த கோலைப் பார்க்கவில்லை.

மேசைக்குப் போனபோது தேவராஜ் எழுந்து நிற்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கும்பிட்டார். செயலாளர் நோட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். மைக்குட்டை கோல்கீப்பரைப் பார்த்துச் சிரித்தார், சமையல்காரர் கையெழுத்தைப் பார்த்து, "இந்த ஆளு வச்ச மீன்குழம்பு இன்னும் நாக்குல இருக்கு" என்றார். அடுத்துத் திருப்பினார். கோமதிநாயகம் மூச்சை அடக்கினார். வடிவு தொண்டையைச் செருமினாள். தேவராஜ் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஓரத்து எண்ணெய்க் கறையில் விரலை வைத்துத் தடவினார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"இது நான் போட்டதில்லையேம்மா" என்றார். "எங்க அணியில மசாஜ் பாக்க அந்தோணின்னு ஒருத்தர் இருந்தாரு. ஜன்னல் வழியா வர்ற நோட்டையெல்லாம் அவர்கிட்டத் தள்ளிட்டு நாங்க குளிக்கப் போயிருவோம். எண்ணெய்க் கையோடவே பதினோரு பேருக்கும் அவரே போட்டுருவாரு. இந்தா, அவரு கறை!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, தேவராஜையல்ல, புருஷனைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நாலு நிமிஷம் கேட்ட கதை முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. "கண்ணு முன்னால போட்டாருன்னீங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கோமதிநாயகத்துக்குக் காது சிவந்துவிட்டது. அவளுக்காக இவ்வளவு நேரம் பயந்தது என்ன, வந்து விழுந்தது எங்கே! "ஜன்னல்தான்" என்றார். "கையைத்தான் பாத்தேன்." வலது கண்ணுக்குக் கீழே அந்தச் சுருக்கம் ஒரு தடவை துடித்தது. அவர் உயிர் அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றது. அப்புறம் அவள் உதடு கோணியது, தோள் குலுங்கியது, பட்டுச்சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. "அந்தோணிக்கா நான் மூணு நாளு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மை ஏத்துனேன்!"

"மை ஏத்துனீங்களா?" என்று தேவராஜ் நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்கு தாளில் இடிக்கும்படி பார்த்தார். "இதுக்கு மேலேயா? ஒரு இடத்துலகூட கை நடுங்கலையேம்மா." அதை அவர் சிரிக்காமல் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகி, "நாப்பது வருஷம் லேட்டு. இப்ப நானே போட்டுத் தரேன்" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று கோமதிநாயகம் அந்தப் பேனாவை அவர் விரலிலிருந்தே வாங்கினார். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. பேனாவை வடிவிடம் நீட்டினார். "இந்தக் கையெழுத்து எனக்கு முதல்ல பிடிக்கலை வடிவு. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. பெறகு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அது நெசம். நீ போடு."

அவள் பேனாவை வாங்கினாள். அப்புறம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தின் வலது கீழ்மூலையில், ஆபீஸ் வரைபடங்களில் போடுவது போலவே, மூன்று கட்டம் போட்டாள். அளவுகோல் இல்லாமல், நேராக. வரைந்தவர் என்று எழுதி அந்தோணி என்று போட்டாள். ஏற்றியவர் என்று எழுதி, ச.வ. என்று தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள். சரிபார்த்தவர் என்று எழுதிவிட்டு நோட்டையும் பேனாவையும் இவர் பக்கம் தள்ளினாள். மைக்கில் தேவராஜை மேடைக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேனாவைக் கேட்காமலே போய்விட்டார், கையெழுத்தையும் போடாமலே போய்விட்டார். கோமதிநாயகம் குனிந்தார். அந்த நோட்டில் அவர் இதுவரைக்கும் தன் பெயரை எழுதியதே இல்லை. பாதி எழுதும்போது பின்னாலிருந்து கோப்பையைப் பார்க்க வந்த கூட்டம் முதுகில் இடித்தது. கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிக் கீழே ஒரு இழுப்பாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"கெட்டுப்போச்சே" என்றார்.

வடிவு குனிந்து மை காய வாயால் ஊதினாள். "கெட்டா என்ன? இது ஒண்ணுதான் கண்ணு முன்னால போட்டது" என்றாள்.